“பேரு கீதுண்ணா, கூப்ட்டா இல்லன்னுது”: கெர்னல் மாட்யூலும் அதற்குத் திறக்காத ஃபங்ஷன்களும்

காசிமேட்டில் மீன் ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். அங்கே ஒரு வியாபாரியின் கொட்டகையில், முத்திரை போட்ட தராசுக்குப் பக்கத்தில் இன்னொரு தராசு இருக்கிறது. விற்பனைக்கு முத்திரைத் தராசுதான். இந்த இரண்டாவது தராசு உள்கணக்குக்கு. எத்தனை கூடை வந்தது, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று தானாகக் குறித்துக்கொள்ளும். செய்தது எங்கள் தெருப் பையன். ஒரு இரும்புத் தட்டு, அடியில் எடையை மின்சைகையாக்கும் நான்கு லோட் செல், அதை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 என்ற நகக்கண் அளவு சிப், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, அவ்வளவுதான். சிப்பிலிருந்து எடையைப் படிக்க ஒரு லினக்ஸ் கெர்னல் மாட்யூலும் எழுதியிருந்தான். கெர்னல் என்பது சிஸ்டத்தின் மையம், மாட்யூல் அதற்குள் தனியாக ஏற்றும் துணுக்கு நிரல். எழுதினான் என்பதைவிட நாலு இடத்திலிருந்து எடுத்து ஒட்டினான் என்று சொல்வது சரியாக இருக்கும். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம்.

உப்புக் காற்றில் எஸ்டி கார்டு போய்விட்டது. புதுக் கார்டில் புது சிஸ்டம் ஏற்றியதும் கெர்னல் 4.19இலிருந்து 6.1க்குத் தாவியது. பழைய மாட்யூல் கம்பைல் ஆனது, ஆனால் கடைசிப் படியில் மாட்போஸ்ட் என்ற கருவி ஒரு ஃபங்ஷன் பெயரைச் சொல்லி, இதற்கு வரையறை இல்லை என்று நிறுத்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு பழைய வண்ணாரப்பேட்டையில் என் வீட்டு மாடிக்கு வந்தான்.

“இன்னாண்ணா இது? பேரு அங்க கீது. கூப்ட்டா இல்லன்னுது.”

அவன் கூப்பிட்ட பெயர் ஷெட்_செட்ஷெட்யூலர். ஒரு திரெட்டுக்கு, அதாவது தனியாக ஓடும் ஒரு நிரல் ஓட்டத்துக்கு, எந்த முன்னுரிமை என்று நிர்ணயிக்கும் ஃபங்ஷன். கேள்வி நியாயமானதுதான். கெர்னலின் ஹெட்டர் கோப்பில் அதன் அறிவிப்பு இருக்கிறது, அதனால்தான் கம்பைலர் முனகவில்லை. கால்சிம்ஸ் என்ற கோப்பு ப்ராக் டைரக்டரிக்குள் இருக்கிறது. ரூட்டாக அதைத் திறந்தால் அதே பெயர், அதன் முகவரி, நடுவில் பெரிய டி எழுத்து எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. இருந்தும் வரையறை இல்லையாம்.

ராயபுரத்தில் வளர்ந்தவனுக்கு இதை விளக்குவது சுலபம். துறைமுக மதிலுக்கு மேலே கிரேன்கள் எல்லாம் தெரியும். எந்தக் கிரேன் எங்கே நிற்கிறது என்று பீச் ரோட்டில் நின்றே சொல்லிவிடலாம். அதற்காகப் போய் இயக்க முடியாது. கேட் இருக்கிறது, கேட்டில் ஒரு பட்டியல் இருக்கிறது. கால்சிம்ஸ் என்பது மதிலுக்கு மேலே தெரிவது. மாட்யூலுக்கு வேண்டியது கேட்டில் இருக்கும் பட்டியல். இரண்டும் வேறு வேறு நோக்கத்துக்குச் செய்த வேறு வேறு அட்டவணைகள்.

கெர்னலின் மையப் பகுதி ஒரே துண்டாக லிங்க் செய்யப்படுகிறது, அதாவது சேர்த்து ஒட்டப்படுகிறது. அந்த வேலை முடிந்ததும் உள்ளே ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடப் பெயரே தேவையில்லை, எல்லாம் முகவரிகளாகிவிடும். பெயர்களை அதற்குப் பிறகும் வைத்திருப்பதற்குக் காரணம், கெர்னல் நொறுங்கும்போது திரையில் வெறும் எண்களாகக் கொட்டாமல் எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்று மனிதர்களுக்குப் புரியும்படி காட்டுவது. அதுதான் கால்சிம்ஸ். அதில் ஸ்டாட்டிக் ஃபங்ஷன்கள்கூட, அதாவது தன் கோப்புக்கு வெளியே பெயர் தெரியாதவைகூட, இருக்கும், சின்ன டி எழுத்தோடு. பெரிய டி என்றால் ஸ்டாட்டிக் அல்ல என்று மட்டும்தான் பொருள். பெரிய டி போட்டிருந்தால் மாட்யூலிலிருந்து கூப்பிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், தம்பியும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

மாட்யூல் கோப்பு பாதி முடிந்த பண்டம். அதற்குள் ஒவ்வொரு வெளி ஃபங்ஷன் அழைப்பும் காலி இடமாக, பக்கத்தில் ஒரு பெயரோடு இருக்கும். மாட்யூலை ஏற்றும் இன்ஸ்மாட் கட்டளையைக் கொடுக்கும்போது அந்தக் காலி இடங்களைக் கெர்னலே நிரப்புகிறது. முன்பு 2.4 காலத்தில் இந்த லிங்கர் வேலையைக் கெர்னலுக்கு வெளியே இன்ஸ்மாட் நிரலே செய்தது. 2.5 வளர்ச்சிக் காலத்தில் ரஸ்டி ரஸ்ஸல் இதைத் திருப்பி எழுதி லிங்கரைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தார். 2003 டிசம்பரில் 2.6 வந்தபோது அதுவே நடைமுறையானது. அதோடு இன்னொன்றும் மாறியது. 2.4இல் ஒரு மாட்யூல் எதுவும் சொல்லாமல் விட்டால் அதன் ஸ்டாட்டிக் அல்லாத பெயர்கள் எல்லாம் தானாக மற்ற மாட்யூல்களுக்குத் தெரியும். 2.6இலிருந்து வெளியே விட வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி விட வேண்டும்.

அந்தப் பெயர் சொல்லும் வரிதான் எக்ஸ்போர்ட்_சிம்பல். ஃபங்ஷன் முடியும் இடத்துக்குக் கீழே ஒரே வரி. அந்த வரி இருந்தால் பெயரும் முகவரியும் தனி அட்டவணை ஒன்றில் ஏறும். மாட்யூலை ஏற்றும்போது கெர்னல் அந்த அட்டவணையை மட்டும்தான் பார்க்கும், கால்சிம்ஸ் பக்கம் திரும்பக்கூடப் பார்க்காது. தம்பியின் ஃபங்ஷனுக்கு அந்த வரி 4.19இல் இருந்தது, 6.1இல் இல்லை. விஷயம் இவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். மாட்யூல் கெர்னலோடு ஒரே முகவரி வெளியில், அதே அதிகாரத்தோடு ஓடுகிறது. இந்தப் பட்டியல் பாதுகாப்புச் சுவர் அல்ல. உள்ளே வந்துவிட்ட மாட்யூல் நினைத்தால் எந்த நினைவிடத்தையும் தொடலாம், எங்கேயும் தாவலாம், தடுக்க யாருமில்லை. துறைமுக உவமை இந்த இடத்தில் கொஞ்சம் நொண்டும். கேட்டில் போலீஸ் நிற்பதில்லை, பலகைதான் நிற்கிறது. பலகையில் எழுதியிருப்பது இதுதான்: இந்தப் பெயர்களை நம்பி நீங்கள் எழுதலாம், மற்றவற்றை நாங்கள் நாளைக்கே மாற்றுவோம், உங்களிடம் சொல்ல மாட்டோம்.

எக்ஸ்போர்ட் ஆனவற்றுக்கும் பெரிய உத்தரவாதம் ஒன்றும் இல்லை. சாதாரண நிரல்கள் கெர்னலைக் கூப்பிடும் சிஸ்டம் கால்கள் மாறாது, உள் ஃபங்ஷன்கள் மாறும். கெர்னல் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் க்ரோ-ஹார்ட்மன் இதற்காகவே ஓர் ஆவணம் எழுதியிருக்கிறார், அது கெர்னல் மூலத்தோடேயே வருகிறது. ஆனால் மாறும் விதத்தில் வித்தியாசம் இருக்கிறது. 5.8இல் __விமலாக் என்ற ஃபங்ஷனின் மூன்று அளவுருக்களில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். அது எக்ஸ்போர்ட் ஆன பெயர். அதைப் பயன்படுத்தியவர்களுக்குக் கம்பைலர் உடனே கத்தியது, ஒரு வரியைத் திருத்தினார்கள், முடிந்தது. கம்பைல் செய்து வைத்த பழைய மாட்யூலை அப்படியே புதுக் கெர்னலில் ஏற்றப் பார்த்தாலும் மாட்வெர்ஷன்ஸ் வசதி பிடித்துவிடும். ஒவ்வொரு எக்ஸ்போர்ட் பெயருக்கும் அதன் அளவுரு வகைகளையெல்லாம் சேர்த்து ஒரு எண் கணக்கிட்டு வைத்து, இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் மாட்யூல் ஏறாது, கெர்னல் செய்திப் பதிவான டிமெஸேஜில் காரணம் இருக்கும். முகவரியைத் தேடிப் பிடித்துக் கூப்பிடுகிறவனுக்கு இந்த இரண்டு காவலும் இல்லை. மூன்று அளவுரு கொடுப்பான், அங்கே இரண்டுதான் வாங்கும், யாரும் கத்த மாட்டார்கள்.

சரி, ஷெட்_செட்ஷெட்யூலரை ஏன் மூடினார்கள்? இந்த மாதிரிக் கேள்விக்கு விடை பெரும்பாலும், மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் வரலாற்றில் ஒரு பத்தியாகக் கிடைக்கும். யாரும் போய்ப் படிப்பதில்லை என்பதுதான் குறை. 2020இல், 5.9 கெர்னலுக்காக பீட்டர் ஸைல்ஸ்ட்ரா செய்த மாற்றம் இது. அவர் பார்த்த சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு டிரைவரும், அதாவது ஒரு வன்பொருளை இயக்கும் நிரலும், தன் திரெட்டுக்குத் தானே ஒரு ரியல்டைம் முன்னுரிமை எண் போட்டுக்கொள்கிறது. ஒன்று 50 என்கிறது, ஒன்று 99 என்கிறது. ஆனால் முன்னுரிமை என்பது ஒப்பீட்டுக் கணக்கு. அதே கணினியில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று தெரியாமல் தன் எண்ணைத் தானே எப்படிச் சொல்ல முடியும்? அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தக் கணினியை நிர்வகிப்பவர்தான். திருவொற்றியூர் ஹை ரோட்டில் எல்லா வண்டியும் ஆம்புலன்ஸ் சைரன் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று தம்பியைக் கேட்டேன். “இப்பவே அப்படித்தான் கீதுண்ணா” என்றான்.

எனவே எண் போடும் ஃபங்ஷனை மூடி, எண் கேட்காத மூன்றை வெளியே விட்டார்கள். ஷெட்_செட்_ஃபைஃபோ கூப்பிட்டால் நடுவாந்திரமாக 50 கிடைக்கும். அதன் ‘லோ’ வடிவம் 1 கொடுக்கும், அதாவது சாதாரணத் திரெட்டுகளுக்கு மேலே, மற்ற எல்லா ரியல்டைம் திரெட்டுக்கும் கீழே. மூன்றாவது, சாதாரண நிலைக்குத் திருப்பும். இதற்கு மேல் நிர்ணயிக்க வேண்டுமென்றால் நிர்வாகி வெளியிலிருந்து சிஎச்ஆர்டி கட்டளையால் மாற்றிக்கொள்ளலாம். என் பார்வையில் இது சரியான மூடல். ‘எக்ஸ்போர்ட் இல்லை’ என்ற வரி பல நேரம் ‘நீ கேட்கும் விஷயம் உன் இடத்திலிருந்து கேட்கக்கூடியது அல்ல’ என்று சொல்கிறது. கதவைச் சாத்தியவன் எதற்குச் சாத்தினான் என்று தெரிந்துகொண்டால் பக்கத்திலேயே இன்னொரு கதவு வைத்திருப்பதும் தெரியும்.

எல்லா மூடலும் இவ்வளவு நல்லெண்ணத்தோடு நடந்ததாக நான் சொல்லவில்லை. எக்ஸ்போர்ட்_சிம்பல்_ஜிபிஎல் என்று இன்னொரு வகை 2001 முதல் இருக்கிறது. மாட்யூல் தன்னை ஜிபிஎல், அதாவது லினக்ஸ் கெர்னலின் திறந்த மூல உரிமம், என்று அறிவித்தால்தான் அந்தப் பெயர்கள் கிடைக்கும். 2004இல் ஒரு மோடம் டிரைவர் நிறுவனம் உரிம வரியில் ஜிபிஎல் என்று எழுதி, உடனே ஒரு பூஜ்ய எழுத்தைப் போட்டு, அதற்குப் பின்னால் உண்மையான நிபந்தனையை எழுதியது. சி மொழியில் பூஜ்யம் வந்தால் சொல் முடிந்தது. கெர்னல் ஜிபிஎல் என்று மட்டும் படித்தது. சின்ன எழுத்தில் கடன் பத்திரம் எழுதுகிறவர்களின் கைவண்ணம்! இன்னொரு உத்தி, நடுவில் ஒரு ஜிபிஎல் மாட்யூலைத் தரகராக வைத்து அதன் வழியாக ஜிபிஎல் அல்லாத மூடிய மாட்யூலுக்குப் பெயர்களைக் கடத்துவது. 5.9இலிருந்து அதற்கும் தடை வந்தது. மூடிய மாட்யூலிலிருந்து எதையாவது வாங்கிக்கொள்ளும் மாட்யூலுக்கும் அதே கறை ஒட்டிக்கொள்ளும், பிறகு ஜிபிஎல் பெயர்கள் கிடைக்காது.

இதில் அடிபட்டவர்களும் உண்டு. இசட்எஃப்எஸ் கோப்பு அமைப்பு திறந்த மூலம்தான், ஆனால் உரிமம் ஜிபிஎல் அல்ல. செக்சம் கணக்கை வேகமாகப் போட சிபியுவின் வெக்டர் ரிஜிஸ்டர்களை அது கெர்னலுக்குள் பயன்படுத்தி வந்தது. அதற்கு வேண்டிய, யாரும் பயன்படுத்தக்கூடிய எக்ஸ்போர்ட் 2019இல் வந்த 5.0இல் எடுக்கப்பட்டது, ஜிபிஎல் வடிவம் மட்டும் மிஞ்சியது. கெர்னலுக்குள் இருக்கும் எந்த மாட்யூலும் அதைப் பயன்படுத்தவில்லை என்பது காரணம். விதிப்படி சரி. இசட்எஃப்எஸ்காரர்கள் ரிஜிஸ்டர்களைத் தாங்களே சேமித்து மீட்கும் நிரலை எழுதிக்கொண்டார்கள். ஒரே வேலையை இரண்டு பேர் இரண்டு இடத்தில் செய்வதில் யாருக்கு லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தம்பிக்கு இந்தக் கதையெல்லாம் பொறுமை இல்லை. நான் டீ போடப் போன நேரத்தில் போனில் தேடி ஒரு பின்வாசலைக் கண்டுபிடித்துவிட்டான்.

பின்வாசலுக்கு ஒரு வரலாறு உண்டு. முதலில் வந்தது சிஸ்டம்.மேப் கோப்பிலிருந்து முகவரியைப் பார்த்து எண்ணாகவே நிரலில் எழுதிவிடுவது. கெர்னல் ஒவ்வொரு பூட்டிலும் தன்னை வேறு வேறு முகவரியில் ஏற்றிக்கொள்ளும் வசதி வந்தது. எக்ஸ்86இல் 2014இல் 3.14 கெர்னலில் வந்து, 4.12இல் இயல்பாகவே இயங்கும்படி ஆனது. அத்தோடு அந்த வழி செத்தது. அப்புறம் எல்லோரும் பயன்படுத்தியது கால்சிம்ஸ்_லுக்கப்_நேம். பெயரைக் கொடுத்தால் முகவரி கொடுக்கும். இதையே 2.6.33இல் எக்ஸ்போர்ட் செய்திருந்தார்கள். கேட்டில் பலகை வைத்துவிட்டு, பக்கத்திலேயே எல்லா அறைக்கும் சாவிக்கொத்து தொங்கவிட்ட கதை. பத்து வருடம் யாருக்கும் உறுத்தவில்லை. 2020இல் வில் டீக்கன் தேடிப் பார்த்தபோது கெர்னல் மூலத்துக்குள் இதைப் பயன்படுத்தியது ஒரே ஒரு மாதிரி மாட்யூல்தான். அதையும் திருத்திவிட்டு 5.7இல் சாவிக்கொத்தைக் கழற்றினார்கள்.

இப்போது உலவுவது கேப்ரோப் வழி. கேப்ரோப் என்பது ஓடும் கெர்னலில் ஏறக்குறைய எந்த ஃபங்ஷனிலும் கண்காணிப்புப் புள்ளி வைக்கும் வசதி, பிழை தேடுவதற்கானது. அதைப் பதிவுசெய்யும் ஃபங்ஷன் ஜிபிஎல் எக்ஸ்போர்ட். பெயரைக் கொடுத்தால் தானே முகவரியைத் தேடி அந்தக் கட்டமைப்பில் எழுதிவைக்கும். கால்சிம்ஸ்_லுக்கப்_நேம் மீது ஒரு கேப்ரோப் போடு, முகவரியை எடுத்துக்கொள், கேப்ரோபை உடனே கழற்று, அதைக் கொண்டு மீதி எல்லாவற்றையும் தேடு. ஐந்தாறு வரி. தம்பியின் ராஸ்பெர்ரி பையில் வேலையும் செய்தது. நான் டம்ளரோடு வரும்போது மாட்யூல் ஏறி, திரெட்டுக்கு 99 போட்டுவிட்டு இருந்தது. அவன் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பை நான் கெடுக்கவில்லை. ஆனால் இதே நிரலை அவன் அலுவலகத்து இன்டெல் லேப்டாப்பில் ஓட்டியிருந்தால் கதை வேறு. இன்டெலின் 11வது தலைமுறை லேப்டாப்களிலிருந்து வரும் சிபியுகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முகவரியை வைத்திருக்கும் பாயின்டர் வழியாகத் தாவினால் இறங்கும் இடத்தில் எண்ட்பிராஞ்ச் என்ற அடையாள ஆணை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிபியுவே பிழை எழுப்பும். 5.18 முதல் கெர்னல் தனக்குள்ளும் இதைப் பயன்படுத்த முடிகிறது. அந்த வகைக் கெர்னலில் கேப்ரோப் கொடுக்கும் முகவரி ஃபங்ஷனின் தொடக்கம் அல்ல. எண்ட்பிராஞ்சைத் தாண்டி 4 பைட் தள்ளி நிற்கும். அதை அப்படியே பாயின்டராக வைத்துக் கூப்பிட்டால் அடையாளம் இல்லாத இடத்தில் இறங்குவீர்கள், அங்கேயே கெர்னல் விழும். 4ஐக் கழித்துக்கொள்ளலாம் என்று அடுத்த உத்தி வரும். ஆனால் யாரும் பாயின்டர் வழியாகக் கூப்பிடாத ஃபங்ஷன்களில் அந்த அடையாளத்தையே கெர்னல் அழித்துவிடுகிறது. எக்ஸ்போர்ட் ஆனவற்றில் அழிக்காது. வெறும் பலகையாக இருந்தது, வன்பொருளின் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாக மதிலாகிக்கொண்டிருக்கிறது. தம்பியின் ராஸ்பெர்ரி பையில் இருப்பது ஆர்ம் சிபியு, அதனால் தப்பித்தான்.

இன்னொரு குழி கம்பைலர் வெட்டுவது. ஒரு ஸ்டாட்டிக் ஃபங்ஷனை ஒரே இடத்தில்தான் கூப்பிடுகிறார்கள் என்றால் கம்பைலர் அதை அங்கேயே கரைத்துவிடும், பெயரே இருக்காது. ஓர் அளவுருவுக்கு எப்போதும் ஒரே மதிப்புதான் வருகிறது என்று கண்டால் அந்த அளவுருவைத் தூக்கிவிட்டு, பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து கான்ஸ்ட்ப்ராப் என்ற வாலை ஒட்டும். கால்சிம்ஸில் அந்த வாலைப் பார்த்தும், மூலத்தில் எழுதியபடியே மூன்று அளவுருக்களோடு கூப்பிடுகிறவர் தூக்கத்தைத் தொலைப்பார்.

கெர்னலே எக்ஸ்போர்ட் ஆகாத பெயர்களை முறைப்படி அனுமதிக்கும் ஓர் இடம் உண்டு, லைவ்பேட்ச். 2015இல் 4.0உடன் வந்தது, பூட் செய்யாமலே ஓட்டை அடைக்கும் முறை. அடைக்கும் பேட்ச் எந்த ஸ்டாட்டிக் ஃபங்ஷனையும் கூப்பிட வேண்டியிருக்கும் என்பதால் அதற்குத் தனி ரீலொகேஷன் வகை, அதாவது காலி இடத்தை நிரப்பும் தனி முறை, வைத்திருக்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு ஸ்டாட்டிக் இருந்தால் எத்தனையாவது என்றும் குறிக்க வேண்டும். அது பொருந்துவதற்குக் காரணம், அந்தப் பேட்ச் குறிப்பிட்ட ஒரே ஒரு கெர்னல் பில்டுக்காகச் செய்யப்படுவது. அடுத்த பில்டுக்கு அடுத்த பேட்ச்.

அப்படியானால் உண்மையிலேயே தேவைப்படுகிறவர் என்ன செய்வது? வெறுமனே வேடிக்கை பார்க்கத்தான் வேண்டும் என்றால் கேப்ரோபையே அது செய்யப்பட்ட வேலைக்குப் பயன்படுத்தலாம், அல்லது கெர்னல் சரிபார்த்து ஓட்டும் பிபிஎஃப் நிரல் எழுதலாம், மாட்யூலே வேண்டாம். கெர்னலும் உங்களுடையது, கணினியும் உங்களுடையது என்றால் நேர்மையான வழி, மூலத்தில் அந்த எக்ஸ்போர்ட் வரியை நீங்களே சேர்த்துக் கெர்னலைக் கம்பைல் செய்வது. ராஸ்பெர்ரி பையில் அதற்கு ஓர் இரவு போதும், லேப்டாப்பில் கிராஸ் கம்பைல் செய்தால் இன்னும் சீக்கிரம். குறைந்தபட்சம் அளவுரு மாறினால் கம்பைலர் சொல்லும். பொதுக் கெர்னலிலேயே சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அவர்கள் முதலில் கேட்பது, இதைப் பயன்படுத்தும் மாட்யூல் எங்கள் மூலத்துக்குள் இருக்கிறதா என்பதுதான். உங்கள் டிரைவர் வெளியே இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடியும். போன்களில் இன்னும் கறார். ஆண்ட்ராய்டு 12, 5.10 கெர்னலோடு வந்த தலைமுறையிலிருந்து பொதுவான ஒரே கெர்னலை கூகுள் கொடுக்கிறது. சிப் தயாரிப்பாளர்களின் மாட்யூல்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பெயர்ப் பட்டியலில் இருப்பதைத்தான் கூப்பிட முடியும்.

மாடிக்குத் திரும்புவோம். மாட்யூல் ஏறிவிட்டது, 99 கிடைத்துவிட்டது. தட்டின் மேல் 5 கிலோ படிக்கல்லை வைத்தான். 5.0, 5.0, 5.0, திடீரென்று 41, மறுபடி 5.0.

“முன்னாடியும் இப்படித்தாண்ணா அப்பப்ப தாவும். அதுக்குத்தான் 99 போட்டது.”

இங்கேதான் எனக்கு ஆர்வம் வந்தது. எச்எக்ஸ்711 எப்படிப் பேசும் என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கிளாக் முனை, ஒரு டேட்டா முனை. எடை தயாரானதும் டேட்டா முனை தாழும். அதற்குப் பிறகு நாம் கிளாக்கை ஒருமுறை உயர்த்தித் தாழ்த்தினால் ஒரு பிட் வரும். 24 முறை செய்தால் 24 பிட். அதற்கு மேல் கொடுக்கும் ஒன்று முதல் மூன்று துடிப்புகளின் எண்ணிக்கை, அடுத்த அளவீட்டுக்கு எந்தச் சேனல், எவ்வளவு பெருக்கம் என்று சொல்வதற்கு. கிளாக் உயர்ந்து நிற்க வேண்டியது ஒரு மைக்ரோ விநாடி அளவுதான். 60 மைக்ரோ விநாடிக்கு மேல் உயர்ந்தே நின்றால், தூங்கப் போகச் சொல்கிறார்கள் என்று சிப் எடுத்துக்கொள்ளும். பிறகு கிளாக் தாழ்ந்ததும் விழித்து முதலிலிருந்து தொடங்கும். அதற்குள் நம் நிரல் பாதி பிட்டுகளை வாங்கிவிட்டு, மீதியையும் ஒன்றும் நடக்காததுபோல் வாங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கலவைதான் 41 கிலோ.

99 இதைத் தடுக்காது. முன்னுரிமை என்பது திரெட்டுகளுக்குள் நடக்கும் போட்டி. வைஃபையிலிருந்தோ எஸ்டி கார்டிலிருந்தோ இன்டரப்ட் என்ற அவசர அழைப்பு வந்தால், சிபியு 99 போட்ட திரெட்டையும் அப்படியே நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கப் போகும். கிளாக் உயர்ந்திருக்கும் அந்த ஒரு மைக்ரோ விநாடியில் அது நடந்தால் போச்சு. கிளாக் தாழ்ந்திருக்கும்போது எவ்வளவு நேரம் தாமதித்தாலும் சிப் பொறுமையாகக் காத்திருக்கும்.

கெர்னல் மூலத்தில் இந்த சிப்புக்கு ஏற்கெனவே ஒரு டிரைவர் இருக்கிறது. 2017இல் சேர்ந்தது, சென்சார்களுக்கான ஐஐஓ பகுதியில். அதைத் திறந்து படித்தோம். கிளாக்கை உயர்த்துவதற்கு முன் அந்த சிபியுவின் இன்டரப்ட்டுகளை நிறுத்தி, தாழ்த்தியதும் விடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் தனித்தனியாக. ஏன் என்று மேலேயே குறிப்பும் எழுதியிருக்கிறார்கள், 60 மைக்ரோ விநாடிக் கணக்கோடு. இன்டரப்ட்டை நிறுத்தும் லோக்கல்_ஐஆர்க்யூ_சேவ் ஹெட்டரில் இருக்கும் மேக்ரோ. நம் மாட்யூலுக்குள்ளேயே ஓரிரு இயந்திர ஆணைகளாக விரிந்துவிடும், எக்ஸ்போர்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிளாக் முனையை உயர்த்தும் ஜிபிஐஓ ஃபங்ஷன் எக்ஸ்போர்ட் ஆகியிருக்கிறது.

தம்பி தன் நிரலில் கேப்ரோப் வரிகளை அழித்தான், 99ஐ அழித்தான், கடைசியில் அந்தத் திரெட்டையே அழித்தான். கெர்னலோடு வரும் டிரைவரைக் கம்பைல் செய்து, வன்பொருள் விவரம் எழுதும் டிவைஸ் ட்ரீயில் இரண்டு முனைகளின் எண்ணைக் குறித்து, ஐஐஓ டைரக்டரியிலிருந்து எண்ணைப் படிக்கும் பத்து வரி பைதான் மட்டும் எழுதினான். படிக்கல்லை வைத்துவிட்டு நாங்கள் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து பதிவைப் பார்த்தால் ஒரு தாவல்கூட இல்லை.

புதன்கிழமை விடியற்காலை நாலரைக்கு போன். பின்னால் ஏலச் சத்தம்.

“அண்ணா, தாவல. ஆனா ஒரே கூடை, வெச்சது வெச்சபடி கீது, எடை கொஞ்சங் கொஞ்சமா எறங்கினே கீதுண்ணா. சேட்டு கத்துறாரு.”

“கூடையில என்ன?”

“சங்கராண்ணா.”

“ஐஸ் போட்டிருக்கா?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. கூடையிலிருந்து சொட்டுவதை அவன் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

“ஆமாண்ணா” என்றான்.